அளவெட்டிக் கவிதையும் கல்முனைப் பதிப்பும்

2005 ஆம் ஆண்டு. கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் நான் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். தமிழ் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் ஒருநாள் ஓரம் மடிந்த, அட்டை வெளிறிய கவிதைப் புத்தகமொன்றைக் கையில் தந்தார். "உம்முடைய பண்டத்தரிப்புக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். வாசித்துவிட்டுத் தாரும்" என்றார். மஹாகவியின் 'வீடும் வெளியும்'. 1973 ஆம் ஆண்டு வெளிவந்தது.

கவிதைகளுக்கு முன்னர் என் கண்ணில் பட்டது வெளியீட்டு விபரம். வாசகர் சங்கம், கல்முனை என்றிருந்தது. அளவெட்டி எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சைக்கிளில் அரைமணி நேரப் பயணம். கல்முனையோ தீவின் கிழக்குக் கரையில், யாழ்ப்பாணத்தார் பலர் ஒருதடவைகூடப் போய்ப் பார்த்திராத ஊர். எங்கள் வேலியையும் வளவையும் பாடிய ஒருவரின் புத்தகத்தை அவ்வளவு தூரத்திலிருந்து யார், எதற்காகப் போட்டார்கள்? அன்று மனத்தில் விழுந்த இந்தக் கேள்விக்கு, கடந்த இருபது ஆண்டுகளாகத் துண்டுதுண்டாகக் கிடைத்த விடையே இக்கட்டுரை. ஒரு படைப்பாளிக்குத் தூண்டுதல் எங்கிருந்து கிடைக்கிறது என்ற பொதுக்கேள்விக்கும் இதில் ஓரளவு விடை உண்டு என்று நினைக்கிறேன்.

மஹாகவி என்ற புனைபெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி 1927 இல் அளவெட்டியில் பிறந்தவர். அரசாங்க எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கி, பின்னர் நிருவாக சேவையில் சேர்ந்தவர். 1971 இல், நாற்பத்து நான்கு வயதில் காலமானார். கொழும்பில் உத்தியோகம் பார்த்தாலும் அவரது கவிதையின் விலாசம் யாழ்ப்பாணக் கிராமமாகவே இருந்தது. கலியாணச் சடங்கும், சாதித் தடிப்பும், தோட்டமும், கடலும், பஸ் பயணமும் அதில் உண்டு. கவிதைக்குத் தகுந்த பொருள் இவை என்று முன்னோர் போட்டுவைத்த பட்டியலை அவர் பொருட்படுத்தவில்லை.

எனினும், தன் ஊரைப் பார்த்தே அவர் எல்லாவற்றையும் எழுதினார் என்று சொல்வது பாதி உண்மைதான். 1966 இல் வெளிவந்த 'குறும்பா'வை எடுத்துக்கொள்வோம். இதன் மூலம் ஆங்கிலத்தின் 'லிமரிக்'. எட்வேர்ட் லியர் 1846 இல் வெளியிட்ட நூலால் பிரபலமான ஐந்தடிச் சிரிப்புப் பாட்டு அது. முதலிரண்டு அடியும் கடைசியடியும் ஓர் ஓசையில் முடியும். நடுவில் இரண்டு குட்டை அடிகள் வரும். மஹாகவி லிமரிக்கை மொழிபெயர்க்கவில்லை. ஐந்தடி என்ற சட்டத்தையும், கடைசியடியில் கவிழ்த்துவிடும் குறும்பையும் எடுத்துக்கொண்டார். அதற்குள் எதுகையையும் மோனையையும் இயைபையும் இறுக்கமாக வைத்துப் பூட்டினார். உள்ளே நடமாடிய மனிதர்களோ நம்மூர்ப் பேர்வழிகள். இங்கிலாந்தில் பெரும்பாலும் விளையாட்டாக இருந்த வடிவம், இங்கே சமூகத்தின் போலித்தனத்தைக் குத்தும் ஊசியாக மாறியது. இரவல் வாங்கிய பாத்திரத்தில் சொந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று இதனை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

அதேபோல 'கண்மணியாள் காதை'. இது லடிஸ் வீரமணியின் வில்லுப்பாட்டுக்கென எழுதப்பட்ட காவியம். மேடையில் வில்லடித்துப் பாடும் ஒரு கலைஞரின் தேவைக்காக எழுதப் புகுந்து, சாதி ஒரு காதலைப் பலிகொள்ளும் கதையை அவர் எழுதினார். 'கோடை' என்ற பாநாடகம் ஆங்கிலேயர் ஆட்சிக்கால யாழ்ப்பாணக் கிராமமொன்றில், நாதஸ்வரக் கலைஞர் குடும்பமொன்றை நடுவில் வைத்து நடப்பது. அளவெட்டியைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனும் தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் வாழ்ந்த ஊர் அது. கோயில் வீதியில் விடியவிடியக் கேட்ட நாதஸ்வரத்தை எல்லோரும் கேட்டார்கள். வாசித்தவர் வீட்டுக்குப் போனபின் அந்த வீட்டு அடுப்பில் என்ன எரிந்தது என்று மஹாகவி யோசித்தார். பிறர் கலையும் அன்றாட வாழ்வும் அவரிடம் இரண்டு தனி ஊற்றுக்களாக இருக்கவில்லை.

இனி அந்தக் கல்முனைக் கேள்விக்கு வருகிறேன்.

மஹாகவியின் முதல் நூலான 'வள்ளி' 1955 இல் வந்தது. அடுத்த நூலுக்குப் பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 'குறும்பா'வைக் கொழும்பில் அச்சேற்றியவர் எம்.ஏ. ரஹ்மான். 'இளம்பிறை' சஞ்சிகையின் ஆசிரியர். 'அரசு வெளியீடு' என்ற பதிப்பகத்தை நடத்தியவர். பின்னர் 'கோடை' 1970 இலும், 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்' 1971 இலும், 'வீடும் வெளியும்' 1973 இலும் வெளிவந்தன. மூன்றும் கல்முனை வாசகர் சங்க வெளியீடுகள். அந்தச் சங்கத்தின் பின்னால் நின்றவர் எம்.ஏ. நுஃமான். 1944 இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். அந்நாளில் இருபதுகளின் நடுவில் இருந்த பாடசாலை ஆசிரியர். 1969 இல் 'கவிஞன்' என்ற கவிதைச் சஞ்சிகையையும் தொடங்கியவர்.

ஆக, எங்கள் அயலூர்க் கவிஞரின் நான்கு முக்கிய நூல்கள் இரண்டு முஸ்லிம் இலக்கியகாரரின் கைகளால் வாசகரிடம் போய்ச் சேர்ந்தன. இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு இது தெரிந்த செய்தியாக இருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மஹாகவியைப் பாடப்புத்தகத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்களுள் இதனை அறிந்தவர் சொற்பம். நானும் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்வரை அறியாதவனே.

கல்முனை மண்ணில் இப்படியொரு முயற்சி முளைத்தது தற்செயலன்று. 1942 இல் போர்க்கால உணவு உற்பத்திப் பணிக்காக உதவி அரசாங்க அதிபராக அங்கு அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர்; சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். அங்கே சுவாமி விபுலாநந்தருடன் அவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பைக்கு அல்லாமா இக்பாலின் கவிதையுலகை அறிமுகம் செய்தவரும் அவரே. அதன் பயனாகவே இக்பாலின் சிந்தனை கிழக்கிலங்கைத் தமிழில் கவிதையாயிற்று. லாகூர்க் கவிஞரின் குரல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் வழியாகக் காத்தான்குடிக்கு வந்து சேர்ந்த கதை இது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் நமது இலக்கியத்துக்குப் புதிதுமன்று. உமறுப்புலவர் எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டவர். சீறாப்புராணத்தைத் தமிழ்க் காப்பிய மரபிலே நின்றுதான் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபுமீது நான்மணிமாலை பாடியவர் சரவணப்பெருமாள் ஐயர். கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் அக்காலத்தில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

நுஃமானின் தொடக்ககால வழிகாட்டி பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன். அடுத்து மஹாகவி. இந்த இருவருடன் முருகையனையும் சேர்த்து ஒரு பொதுப் பண்பைச் சொல்லலாம்: பேச்சோசை. மரபுச் செய்யுளைச் சீர்சீராக அடுக்கி அச்சிட்டால் வாசகன் சீரிலேயே இடறிவிடுவான். இவர்கள் யாப்பைக் கைவிடவில்லை. பேசும்போது மூச்சு எங்கே நிற்குமோ அங்கே வரியை முறித்தார்கள். அகவலும் விருத்தமும் திண்ணையில் இருந்து கதைப்பதுபோல ஒலிக்கத் தொடங்கின. நுஃமான் மஹாகவியிடம் எடுத்துக்கொண்டது இந்தக் காதைத்தான் என்பது என் வாசிப்பு. அளவெட்டியின் வேலிகளை அவர் கல்முனையில் நடவில்லை. 1977 இல் வெளிவந்த 'தாத்தாமாரும் பேரர்களும்' நூலைப் படித்தால் இது விளங்கும். தாத்தாமாரின் காலத்தையும் பேரர்களின் காலத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் அந்தக் கவிதையில், கிழக்கின் முஸ்லிம் குடும்பம் தன் சொந்தக் குரலிலேயே பேசுகிறது. ஒருவரிடம் பேச்சைக் கேட்கப் பழகியவர், தன் வீட்டுப் பேச்சைக் கேட்டு எழுதினார்.

1976 இல் நுஃமான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரையாளராக வந்தார். 1990 வரை இங்கு கற்பித்தார். மஹாகவியின் மகன் சேரன் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். தகப்பனின் கவிதைகளைப் பதித்தவர் இருந்த வளாகத்தில் மகன் கவிஞனாக வளர்ந்தார். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் நுஃமான் யாழ்ப்பாணத்துக்குத் தந்தவற்றுள் இரண்டை மட்டும் இங்கு குறிப்பிடுகிறேன்.

ஒன்று, 1981 இல் வெளிவந்த 'பாலஸ்தீனக் கவிதைகள்'. மஹ்மூத் தர்வீஷ் முதலானோரின் கவிதைகளை ஆங்கிலம் வழியாக நுஃமான் தமிழாக்கிய நூல். வீடு இழந்தவன், அடையாள அட்டை கேட்கப்படுபவன், தன் நிலத்தில் அந்நியனாக நிற்பவன் ஆகியோரின் குரல்கள் அதில் இருந்தன. சுற்றிவளைப்பும் சோதனைச் சாவடியும் அன்றாடமாகத் தொடங்கியிருந்த யாழ்ப்பாணத்து இளைஞருக்கு அது தொலைதூரத்துக் கவிதையாகப் படவில்லை. எண்பதுகளின் ஈழத்து அரசியல் கவிதை, 1985 இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதி உட்பட, எடுத்துக்கொண்ட தொனியில் இந்த மொழிபெயர்ப்புகளுக்குப் பங்குண்டு என்பதை விமர்சகர்கள் பலர் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

மற்றது 'புத்தரின் படுகொலை'. 1981 ஜூன் 1 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலைப் பற்றிப் பலரும் எழுதினார்கள், அழுதார்கள். நுஃமான், சீருடை அணியாத காவலர்களால் புத்தரே நூலகப் படியில் சுடப்பட்டு, நூல்களோடு எரிக்கப்படுவதாகக் கனவு கண்டு எழுதினார். கொலையாளிகள் எதன் பெயரால் செய்தார்களோ அதையே அவர்கள் கொன்றார்கள் என்று, ஒரு வசைச்சொல்லும் இல்லாமல், செய்தி வாசிப்பதுபோல் எழுதினார். யாழ்ப்பாணத்தின் பெருந்துயரைப் பற்றி எழுந்தவற்றுள் இன்றும் முதலில் நினைவுக்கு வரும் கவிதை, கல்முனைக்குடி முஸ்லிம் ஒருவர் எழுதியதாகும். இந்தச் சம்பவம் அவருக்கு 'பிறர் துயரம்' அல்ல. அவர் வேலை செய்த ஊரின் நூலகம் அது.

இதுவரை சொன்னதெல்லாம் மகிழ்ச்சியான வரலாறு. ஆனால் இத்துடன் நிறுத்தினால் நான் நேர்மையானவன் அல்லன்.

1990 ஓகஸ்ட் 3 ஆந் திகதி, அப்துல் காதர் லெப்பையின் காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆந் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அஸீஸ் பிறந்த நகரத்திலிருந்து அவரது சமூகத்தார் பணத்தையும் நகையையும் பறிகொடுத்துவிட்டு நடந்தார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நுஃமான் மொழிபெயர்த்துத் தந்த பாலஸ்தீனக் கவிதைகளைப் படித்து உருகிய ஊர் இதுதான். வீட்டுச் சாவியோடு வெளியேறுகிறவனின் கவிதையை எங்களுக்குப் படிப்பித்த சமூகத்தையே வெளியேற்றியபோது, கவிதையால் தூண்டப்பட்ட நாங்கள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தோம். பேசியவர் சிலர் உண்டு. அவர்கள் சிலர்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் துணிமூட்டை கட்டிவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். நாங்கள் நானா என்போம். படலையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மூட்டையைத் திண்ணையில் பிரித்து, ஒவ்வொரு சீத்தைக்கும் ஒவ்வொரு கதை சொல்லி விரிப்பார். நாகூர் ஹனீபாவின் பாட்டுக்களை முணுமுணுத்தபடியே முழம் போடுவார். அவருடைய பேச்சைக் கேட்பதற்காகவே துணி வாங்காத பெண்களும் வந்து குந்துவார்கள். கதை சொல்லும் வித்தையை நான் முதலில் பார்த்தது அந்தத் திண்ணையில்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வருடத் தீபாவளிக்கு எனக்குச் சேட்டுத்துணி அவரிடம்தான் வாங்கியது. பாதிக் காசு கொடுத்து, மீதி அடுத்த மாதம் என்று பேச்சு. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

அம்மா அந்த மீதிக் காசை ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். "நானா வந்தால் குடுக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1995 இல் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் எழும்பி நடந்தோம். அதுவும் ஒரு ஒக்டோபர் 30. நாவற்குழி வீதியில் நெரிந்து நின்றபோது அம்மா திடீரென்று, "ரின் வீட்டிலை" என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. திரும்பி வந்தபோது வீட்டில் ரின்னும் இல்லை, அலுமாரியும் இல்லை.

2009 இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாண முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பெரும்பகுதியினர் புத்தளம் போன்ற இடங்களிலேயே வேரூன்றிவிட்டனர். அந்த வியாபாரியைப் பற்றி விசாரித்துப் பார்த்தேன். பெயர்கூடத் தெரியாமல் ஒருவரை எப்படி விசாரிப்பது? பத்து வயதுவரை மாதாமாதம் எங்கள் திண்ணையில் இருந்த மனிதரின் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

தூண்டுதல் என்பதை வானத்திலிருந்து இறங்கும் வரம்போலப் பலரும் பேசுகிறார்கள். மஹாகவியும் நுஃமானும் நடந்த வழியைப் பார்த்தால், எனக்கு அது கடையில் கொப்பியில் எழுதும் கடன்போலத்தான் தெரிகிறது. யாரோ ஒருவரின் பாட்டைக் கேட்டு, யாரோ ஒருவரின் வாழ்வைப் பார்த்து எடுக்கிறோம். எடுத்ததைச் சொந்தமாக்கி எழுதும்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் கொப்பியில் பெயர் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்து இலக்கிய வரலாற்றில் நாங்கள் பல பெயர்களை எழுதாமல் விட்டோம். ரஹ்மானின் பெயர் நூலகப் பட்டியல்களில் மட்டும் கிடக்கிறது. வாசகர் சங்கத்தின் பெயர் புத்தகத்தின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கிறது. உங்கள் சஞ்சிகைக்கு இதனை அனுப்புவதற்கு அதுவே காரணம். கடன்பட்டவன் கடன் கொடுத்தவரின் வீட்டுக்கு வந்து சொல்வதுதான் முறை.

இப்போது நான் படிப்பிக்கும் பாடசாலையில், கட்டுரைப் பாடம் வந்தால் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "எழுத ஒண்டுமில்லை சேர்." அவர்களுக்கு நான் இரண்டு வேலை கொடுக்கிறேன். முதலில் மஹாகவியின் குறும்பா ஒன்றை வாசித்துக் காட்டி, ஐந்தடிச் சட்டத்தைக் கரும்பலகையில் போடுவேன். பிறகு, வீட்டுக்குப் போய் ஒரு மனிதரின் கையை மட்டும் கால்மணி நேரம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். வெங்காயம் பிடிகட்டும் அம்மாவின் கையையும், மாதகல் கரையில் வலை பொத்தும் பெரியப்பாவின் கையையும், தையல் மெசினில் ஓடும் அக்காவின் கையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். எழுதியவற்றில் எதுகை பிழைத்திருக்கும், அடி நீண்டிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று எவரும் சொல்வதில்லை.

சென்ற தவணையில் 'வீடும் வெளியும்' பற்றிச் சொல்லும்போது, கரும்பலகையில் மஹாகவி, அளவெட்டி என்றும், அதன் கீழே நுஃமான், கல்முனை என்றும் எழுதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பி, "கல்முனை எங்கை இருக்கு சேர்?" என்று கேட்டது. சுவரில் இருந்த இலங்கைப் படத்தைக் கழற்றி மேசையில் விரித்தேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெரிந்தார்கள். ஒரு விரல் அளவெட்டியில் தொடங்கி, வன்னியைக் கடந்து, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாக இறங்கிக் கல்முனையில் போய் நின்றது. "இவ்வளவு தூரமா?" என்றது அந்தப் பிள்ளை.

"ஓம், அவ்வளவு தூரத்திலிருந்துதான் எங்கடை கவிதை எங்களுக்கு வந்தது" என்றேன்.